பாய்மரத் தெருவின் நிலைப்படிகள்

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேரை அவரவர் வீட்டிலிருந்து வெளியே பிடித்து இழுப்பது என் வேலையாக இருந்தது. நான் போலீஸ்காரன் இல்லை, கோர்ட்டு அமீனாவும் இல்லை. ஒரு எந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆள், அவ்வளவுதான். பெயர் நல்லபெருமாள். முன்கோபக்காரன் என்று முகாமில் எல்லோரும் சொல்வார்கள். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து அழுகிற பன்னிரண்டு பேரைச் சமாளித்துப் பாருங்கள், அப்புறம் என் கோபத்தைப் பற்றிப் பேசலாம்.

வெண்கரை நகரத்தை மலைப்படை பிடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் நகரம், இக்கரையில் அகதி முகாமும் அரசுப் பட்டாளமும். நடுவில் இருந்த ஒரே பாலத்தையும் யாரோ தகர்த்துவிட்டார்கள். நாங்கள் தகர்த்ததாக அவர்கள் சொன்னார்கள், அவர்கள் தகர்த்ததாக நாங்கள் சொன்னோம். பாலம் எதுவும் சொல்லாமல் தண்ணீரில் கிடந்தது.

முகாமின் பழைய உப்புக் கிடங்கில் என் நடைக்கூடம் இருந்தது. உள்ளங்கை அகலத் தகடுகள் பல்லாயிரம் பதித்த தரை. ஒவ்வொரு தகடும் தானே ஏறும், இறங்கும். அதன்மேல் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும்.

இசக்கியம்மாள் அங்கே வந்தது ஒரு வியாழக்கிழமை. ஐம்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு மருந்துக் கவரை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"கண்ணக் கெட்டிட்டு நடக்கணுமா? எதுக்குத் தம்பி?"

"ஒங்க வீடு உள்ள எப்பிடி இருக்குன்னு தெரியணும்க்கா."

"இதுக்கு எதுக்குக் கண்ணக் கெட்டணும்? வாயால சொல்லிட்டுப் போறேன். வாசல், பட்டாசல், உள்ரூம், அடுக்களை."

"வாயால சொன்னாத் தப்பாப் போகும். நேத்து ஒருத்தர் அவரு வீட்டு மாடிப்படி பன்னெண்டுன்னு சத்தியம் பண்ணுனாரு. நடக்கச் சொன்னா காலு பதினாலு ஏறுது. முப்பது வருசமா ஏறுன காலு. அதுக்குத் தெரியுது, அவருக்குத் தெரியல."

அவர் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். புதிதாக அறிமுகமான ஆளைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"தெரிஞ்சு என்ன செய்யப் போறிய?"

"நீங்க நடக்குற நடையத் தரை வாங்கிக்கிடும். அதப் பட்டாளத்துக்காரங்க பூட்ஸ்ல போட்டுருவோம். உள்ளங்கால்ல மெல்லத் தட்டும், இங்கன வை, அங்கன வைன்னு. உள்ள ஒரே புகையா இருக்கும், கண்ணு தெரியாது. அப்பவும் அவங்க ஒங்களமாரியே நடந்து போவாங்க."

"என்னமாரியா? துப்பாக்கியத் தூக்கிட்டா?" சிரித்துவிட்டார். உடனே சிரிப்பு நின்றது. "வீட்டுக்குள்ள சுடுவாகளா தம்பி?"

நான் பொய் சொல்லவில்லை. "வீடு தெரியலேன்னா ஒவ்வொரு ரூமுக்கும் குண்டு போட்டுட்டுத்தான் நொழைவாங்க. தெரிஞ்சா, தேவைன்னாத்தான் சுடுவாங்க. அந்த வித்தியாசத்துக்குத்தான் இந்தக் கூடம்."

"அவுக உள்ள இருக்காக."

அவர் கணவர் சங்கரநயினார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து மாவுக்கட்டில் இருந்தார். அவருக்கு வலி மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வாங்க இசக்கியம்மாள் மலைப்படையிடம் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு இக்கரைக்கு வந்த அன்று மத்தியானம்தான் பாலம் போனது. பன்னிரண்டு நாளாக அந்த மருந்துக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு முகாமில் சுற்றிக்கொண்டிருந்தார். மனிதர் உயிரோடு இருக்கிறாரா என்று சொல்ல அக்கரையில் ஒரு போன்கூட வேலை செய்யவில்லை.

கண்ணைக் கட்டி, கை போகும் இடத்தைக் குறித்துக்கொள்ளும் கையுறையை மாட்டி, தரையில் விட்டேன். பாய்மரத் தெரு, இருபத்திரண்டாம் எண் வீடு. முதல் இரண்டு அடி தடுமாறினார். மூன்றாவது அடியில் வீட்டுக்குப் போய்விட்டார். எல்லோரும் அப்படித்தான், மூன்றாவது அடி போதும். வாசலில் செருப்பை உதறுவதுபோல் காலை உதறினார். பட்டாசலில், அதாவது முன்கூடத்தில், எதையோ சுற்றிக்கொண்டு போனார், அது தையல் மிஷின் என்று பிறகு தெரிந்தது. அடுக்களையில் கை தானாக உயர்ந்து ஒரு டப்பாவைத் தள்ளி வைத்தது. உள்ரூமில் குனிந்து, இல்லாத கட்டிலின் விளிம்பைத் தொட்டு, "ஏங்க" என்றார்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, முடிஞ்சுது. எந்திரிங்க."

"ஒரு நிமிசம் தம்பி."

வெளியே இன்னும் ஒன்பது பேர் வரிசையில் நின்றார்கள். நான் நாலு நிமிடம் கொடுத்தேன். அதற்குமேல் கொடுத்தால் எழவே மாட்டார்கள். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒரு மணி நேரம் தன் கடையில் உட்கார்ந்திருந்தார், இரண்டு பேர் தூக்கித்தான் வெளியே கொண்டுவந்தோம். நான் போய் இசக்கியம்மாளின் கண்கட்டை அவிழ்த்தேன். உப்புக் கிடங்கின் தகரக் கூரையைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை இன்னும் மறக்க முடியவில்லை. இந்த எந்திரத்தைக் கண்டுபிடித்தவர்கள் எல்லாவற்றையும் யோசித்தார்கள், இதை யோசிக்கவில்லை.

அவர் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஒண்ணே ஒண்ணு தம்பி. என்னத்த வேணும்னாலும் ஒடைக்கட்டும். பீரோவ ஒடைக்கட்டும், சாமி படம் விழுந்தாலும் விழட்டும். நெலப்படிய மட்டும் யாரும் மிதிக்கப்படாது. அவுக உள்ள கெடக்காக. வீட்டு ஆம்பள படுத்த படுக்கையா இருக்கையில நெலையில கால வச்சா நல்லதில்ல."

"சரிக்கா."

"சும்மா சரின்னு சொல்லாதிய. சொல்லுங்க, மிதிக்க மாட்டாகன்னு."

"மிதிக்க மாட்டாங்க. போதுமா? போங்க, அடுத்த ஆளு நிக்குது."

அவரை அனுப்பி வைப்பதற்காகச் சொன்ன வார்த்தை அது. அந்த நேரத்தில் வேறொன்றும் என் மனதில் இல்லை.

இரண்டு நாள் கழித்துத் தலைமையகத்திலிருந்து போன் வந்தது. இந்தத் தரைக்கான கணக்கையெல்லாம் எழுதிய இளம் பொறியாளர். தலைநகரத்துக்காரர், கெட்டிக்காரர், மரியாதை தெரிந்தவர். முட்டாள் என்று அவரைச் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

"சார், உங்க பகுதியில எல்லா வீட்டு வாசல்லயும் ஒரு பள்ளம் காட்டுது. முப்பத்தேழு வீட்டுலயும். ஒருத்தர் கால்கூட அங்க படல. தகடு பழுதா?"

"பழுது இல்ல சார். அது நிலைப்படி. வெண்கரைக்காரங்க யாரும் மிதிக்க மாட்டாங்க, தாண்டித்தான் போவாங்க. அதுல லட்சுமி இருக்கான்னு ஒரு நம்பிக்கை."

அவர் சிரித்தார். கேலியில்லை, களைப்பில் வந்த சிரிப்பு. "துப்பாக்கியோட போறவன் லட்சுமிக்கு வழிவிட்டா போவான்? சார், தாண்டுறதுக்கு நீளமா காலை வைக்கணும். அதுல ஒவ்வொரு வாசல்லயும் அரை நொடி போகுது. ஆளுங்க சாகுறதே வாசல்லதான். அந்த நிலை நல்ல தேக்கு, திடமா இருக்கு. அதுல ஒரு காலை ஊன்றினா வேகமா உள்ள போயிடலாம். ஒரு திருத்தம் அனுப்பியிருக்கேன். நகரத்தோட ஆறு பகுதிக்கான ஆறு கூடத்துக்கும் போயிருக்கு. ஏத்திடுங்க."

அவர் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. அரை நொடியில் எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்ற பட்டியல் என்னிடமும் இருந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் திருத்தம் ஏறிவிடும். அமுக்குவதற்காக விரலைக் கொண்டுபோனேன். அந்த அம்மாள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. எரிச்சலோடு எழுந்துபோய் டீ குடித்தேன். திரும்பி வந்தேன். மறுபடி முடியவில்லை. போயும் போயும் ஒரு வாய்வார்த்தை, அதுவும் விரட்டுவதற்காகச் சொன்னது. ஆனால் அவரிடம் நாங்கள் வாங்கியது ஒரு முழு வீட்டை. பதிலுக்குக் கொடுத்தது அந்த ஒரு வார்த்தையை மட்டும்தான். அதையும் பிடுங்க வேண்டுமா?

மூன்று மணிக்குக் கேப்டன் சூசைராஜ் தன் ஆட்களோடு பயிற்சிக்கு வந்தார். முப்பது வயசு, தெற்குக் கடற்கரைக்காரர், மீன்பிடிக் குடும்பம். பாய்மரத் தெருவுக்குள் இறங்கப் போகிறவர் அவர்தான், அவரோடு சேர்த்து இருபத்தெட்டுப் பேர். அவரிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன், இசக்கியம்மாளுக்குக் கொடுத்த வாக்கு உள்பட.

"அரை நொடியா அண்ணாச்சி?"

"அரை நொடி."

அவர் பூட்ஸ் முனையால் தகடுகளைத் தட்டிக்கொண்டே யோசித்தார். "எங்க வீட்ல நெலைக்கு மேல மாதா படம் மாட்டியிருக்கும். சின்னதுல நெலையில ஏறி நின்னா எங்கம்மா அகப்பையத் தூக்கிருவா. இந்தா நிக்கானுவளே, இவனுவள்ல முக்கால்வாசிப் பேரு அப்பிடி அடி வாங்குனவனுவதான். இப்பப் போயி நெலையில மிதின்னு பூட்ஸ் சொல்லும், மிதிக்காதன்னு காலு சொல்லும். வாசல்ல வந்து ஒருத்தன் தடுமாறினா அரை நொடி இல்ல அண்ணாச்சி, ஆளே போயிருவான்." நிமிர்ந்தார். "பழசே இருக்கட்டும். யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"மீதிக் கால்வாசிப் பேரு?"

"அவனுவளுக்கு நான் அகப்பையத் தூக்குதேன்."

அதன்பிறகு மூன்று நாள் அவர்கள் அந்தத் தெருவில் வாழ்ந்தார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு இசக்கியம்மாளின் தையல் மிஷினைச் சுற்றிக்கொண்டு போனார்கள், பதினேழாம் எண் வீட்டு மாடியில் தலை இடிக்கும் இடத்தில் குனிந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் காலை நீட்டித் தாண்டினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்தெட்டுப் பேரில் ஒருவன் வாசலில் விழுந்தாலும் அது என் விரல் அமுக்காத பொத்தானால்தான். கேப்டன் பொறுப்பேற்றுக்கொண்டார் என்பதெல்லாம் காகிதத்துக்கு ஆகும், மனதுக்கு ஆகாது.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குப் படகுகள் ஆற்றைக் கடந்தன. நல்ல வெயில். நான் கூடத்தில் வரைபட மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு ஆளின் பூட்ஸும் ஒரு பச்சைப் புள்ளி. ரேடியோவில் எல்லாப் பகுதியின் குரலும் கலந்து வந்தது.

ஒன்பது இருபதுக்கு மீன்சந்தைப் பக்கம் முதல் வெடிச்சத்தம். அடுத்து கோட்டைப் பக்கம். "வாசல்ல வெடிக்குது!" என்று யாரோ கத்தினார்கள். எனக்கு உடனே புரியவில்லை. பாய்மரத் தெருவில் பச்சைப் புள்ளிகள் வீடு வீடாக நுழைந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு வாசலிலும் ஒரு கண நேரம் தயங்கி உள்ளே போயின. நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். இருபத்தெட்டு. மறுபடி எண்ணினேன். இருபத்தெட்டு.

சூசைராஜின் குரல் வந்தது, மூச்சு வாங்க. "அண்ணாச்சி, கேக்குதா? நெலைக்குக் கீழ தோண்டி மிதிவெடி வச்சிருக்கான். பலகையோரத்துல புது மண்ணு கிடந்துச்சேன்னு மெல்லக் கிளறிப் பாத்தோம். இதுவரைக்கும் பாத்த வீட்லல்லாம் இருக்கு. ஒருத்தனும் மிதிக்கல, அண்ணாச்சி. ஒருத்தனும் மிதிக்கல."

நான் போனை எடுத்துத் தலைமையகத்துக்குக் கத்தினேன். நிலைப்படி, நிலைப்படி, எல்லாரையும் தாண்டச் சொல்லுங்கள். அந்தப் பொறியாளர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. உடனே சொல்லி அனுப்பினார். அதற்குள் மற்ற ஐந்து பகுதிகளிலும் சேர்த்துப் பதினோரு பேர் போயிருந்தார்கள். மறுநாள் என்னைக் கூப்பிட்டார். "சார்" என்றார். போனை வைத்துவிட்டார். நான் மட்டும் என்ன யோக்கியன்? மற்ற ஐந்து கூடத்துக்காரர்களுக்கும் ஒரு போன் செய்து, நான் ஏற்றவில்லை, நீங்களும் யோசியுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சிரிப்பார்கள் என்று நினைத்துச் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

அன்று காலைக்குத் திரும்புகிறேன். பத்தே முக்காலுக்கு மறுபடி சூசைராஜ்: "தெருமுனையில ஒருத்தன் தூக்குச்சட்டியோட ஓடி வந்தான். நில்லுன்னா நிக்கல. தொடையில சுட்டுட்டோம். சட்டிக்குள்ள..." மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. "கஞ்சி அண்ணாச்சி. வெறும் கஞ்சி." பின்னாலேயே வேறொரு குரல், யாரோ ஒரு சிப்பாய்: "இருபத்திரண்டுல ஆள் இருக்காரு சார். உசுரோட இருக்காரு."

நான் கூடத்தைத் திறந்தபடியே போட்டுவிட்டு முகாமுக்குள் ஓடினேன். ஐம்பது வயதில் ஓடியதால் மூச்சு முட்டி, இசக்கியம்மாள் முன்னால் போய் நின்றபோது வார்த்தை வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துத் தப்பாக நினைத்து மருந்துக் கவரைக் கீழே போட்டார்.

"இருக்காரு! இருக்காருக்கா!"

அவர் அழவில்லை. குனிந்து சிதறிய மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திரும்பக் கவரில் போட்டார். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். சொன்ன ஒரு வாக்குத் தவறாமல் இருந்ததற்கு இப்படியொரு கூலி கிடைக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், என் வாழ்நாளில் இன்னும் நாலைந்து வாக்குகளைக் காப்பாற்றியிருப்பேன்.

ஒரு மாதம் கழித்து அவர் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார், என்னையும் கேப்டனையும். மிதவைப் பாலம் போட்டிருந்தார்கள். ஜீப்பில் போனோம். பாய்மரத் தெருவை நான் அதற்கு முன் கண்ணால் பார்த்ததில்லை. இருந்தும் ஒவ்வொரு வாசலும் தெரிந்தது. இருபத்திரண்டாம் எண் வீட்டில் பழைய நிலையைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதுப் பலகை அடித்து மஞ்சள் பூசியிருந்தார்கள். தாண்டி உள்ளே போனேன். நான் பார்க்காமலே தையல் மிஷினைச் சுற்றிப் போனதைக் கண்டு இசக்கியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சங்கரநயினார் ஊன்றுகோலோடு எழுந்து நிற்கப் பார்த்தார். நாங்கள் வேண்டாம் என்று சொல்லியும் நின்றார். சூசைராஜின் தோளைத் தட்டினார், என் தோளையும் தட்டினார். நன்றி என்ற சொல் அந்த வீட்டில் யாருக்கும் வாயில் வரவில்லை. "நல்லா இருக்கணும்யா, புள்ளைகுட்டியோட நல்லா இருக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. வெளிக்காட்டாமல் இருக்க, பசிக்கிறது என்று சொல்லி வைத்தேன்.

சீலா மீன் குழம்பு, இறால் தொக்கு, அவியல். இரண்டாம் சோறு போடும்போது சங்கரநயினார் ஆரம்பித்தார்.

"நான் உசுரோட இருக்கதுக்கு நீங்க மட்டும் காரணம் இல்ல. இன்னொருத்தனும் உண்டு. அதயும் நீங்க தெரிஞ்சுக்கிடணும்."

"சும்மா இருங்க" என்றார் இசக்கியம்மாள் சட்டென்று.

"எதுக்குச் சும்மா இருக்கணும்? சோறு போட்டவனச் சொல்லாம இருக்கலாமா?" கேப்டன் பக்கம் திரும்பினார். "நாலு வீடு தள்ளி முத்துவீரன்னு ஒருத்தன். லைன்மேன். எனக்குத் தம்பிமாரி. மலைப்படை ஊருக்குள்ள வந்த ரெண்டாவது மாசம் அவனுவளோட சேந்துட்டான். நான் பேசுறத நிப்பாட்டிட்டேன். இவ அந்தக் கரையில மாட்டுன மறுநாள் காலைல தூக்குச்சட்டியோட வந்து நிக்கான். பேசலன்னாலும் பரவால்ல அண்ணாச்சி, குடிங்கன்னான். பதினேழு நாளும் பத்தரை மணிக்கு வருவான். மாவுக்கட்டச் சுத்தித் தொடச்சு விடுவான், கைத்தாங்கலாக் கொல்லைக்குக் கூட்டிட்டுப் போவான். கடைசில ஒரு நாளு கடப்பாரையோட வந்து நெலையத் தோண்டுதான். என்னலன்னு கேட்டேன். தெரு பூரா நாந்தான் வச்சுக்கிட்டு வாரேன் அண்ணாச்சி, நீங்க எப்பமும்போலத் தாண்டிப் போங்க, நம்ம ஆளுவளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னான்."

கேப்டனின் கை இலையில் நின்றுவிட்டது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஏன் வீதியில் வைக்காமல், கதவில் வைக்காமல் அங்கே வைத்தார்கள் என்று இந்த ஒரு மாதமும் யாரும் கேட்கவில்லை. வெண்கரையின் எந்தத் தாயும் எந்தக் கிழவரும் மிதிக்காத ஒரே இடம் அது. மிதித்தால் அது வெளியாள்தான். தலைமையகத்துப் பொறியாளர் எந்த இடத்தைத் திடமான தேக்கு என்று தேர்ந்தெடுத்தாரோ, அதே இடத்தைத்தான் முத்துவீரனும் அவன் ஆட்களும் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"பட்டாளம் வந்த அன்னைக்கும் அவன் பத்தரைக்கு வரணும்" என்றார் சங்கரநயினார். "வரல. என்ன ஆனான்னே தெரியல. நீங்க யாராச்சும் பாத்தியளா?"

முகாம் ஆஸ்பத்திரியில் காவலோடு ஒரு ஆள் கிடந்தான். தொடையில் குண்டுக் காயம். ஒரு மாதமாகப் பெயரைச் சொல்லவில்லை. சிப்பாய்கள் அவனைக் கஞ்சிக்காரன் என்றார்கள். உணவு கொண்டுவந்த பொதுஜனம் என்று சூசைராஜே அறிக்கையில் எழுதியிருந்தார். காயம் ஆறியதும் விட்டுவிடுவார்கள். பெயர் தெரிந்தால் விட மாட்டார்கள். மிதிவெடி வைத்தவனுக்கு என்ன தண்டனை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"இருக்கான்" என்றார் கேப்டன் கடைசியில். "ஆஸ்பத்திரில. நான்தான் சுட்டேன்."

இசக்கியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"மீன்சந்தைப் பக்கம் போன ரத்தினசாமி என்கூடப் படிச்சவன்" என்றார் கேப்டன். குரல் உயரவில்லை. "ஒரே பெஞ்ச்ல. நெலையில கால வச்சான், அவ்வளவுதான். அவன் பொண்டாட்டி முகத்தப் பாக்க இன்னும் நான் போகல."

நான் சொன்னேன்: "இந்தத் தெருவுல இவன் வச்சதுல ஒண்ணுகூட வெடிக்கல, கேப்டன்."

"வெடிக்கணும்னுதானே வச்சான்?"

சங்கரநயினார் தலை குனிந்தபடி, "ஆமா" என்றார். "அதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். வெடிச்சிருந்தா அவன் குடுத்த கஞ்சி எனக்கு விசமாப் போயிருக்கும். இவ புண்ணியத்துல வெடிக்கல. அவன் கொலைகாரன் ஆகாமப் போனதும் இவளாலதான். அவனுக்கு அது தெரியாது."

கேப்டன் இலையை மடித்தார். பாதிச் சோறு அப்படியே இருந்தது. கை கழுவிவிட்டு வந்து பட்டாசலில் நின்றார். அடுக்களையில் பாத்திரச் சத்தம் கேட்டது. எங்களை வழியனுப்ப இசக்கியம்மாள் வெளியே வந்தபோது கையில் ஒரு தூக்குச்சட்டி இருந்தது. மூடியின் ஓரத்தில் ஆவி வந்தது.

"தம்பி, பேரு கேக்காமக் குடுத்துருங்க."

அவர் நீட்டினார். கேப்டன் கையை நீட்டவில்லை. அந்த அம்மாளும் கையை இறக்கவில்லை. எனக்கு அந்த நிற்பைப் பார்க்கத் தாங்கவில்லை, நடுவில் புகுந்து நான் வாங்கிக்கொண்டேன். சூடு கையைப் பொசுக்கியது. கேப்டன் வாசலுக்குப் போனார். புது நிலைப்படிக்கு முன்னால் ஒரு கணம் நின்றார். மிதித்துவிடுவாரோ என்று பயந்தேன். வலது காலை நீட்டித் தாண்டி இறங்கினார்.

ஜீப்பில் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். மிதவைப் பாலத்தில் ஏறியதும் வண்டி குலுங்கியது. என் வேட்டியில் கஞ்சி தெறித்தது.

"இங்க கொண்டாங்க அண்ணாச்சி" என்றார் எரிச்சலாக. "போய்ச் சேருறதுக்குள்ள நீங்க பூராத்தையும் சிந்திருவிய."

பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பாலம் முடியும்வரை மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தார். சுட்டிருக்கும். கையை எடுக்கவில்லை. அந்த முரட்டு ஆளின்மேல் எனக்கு அப்போது வந்த பாசத்தை என்ன பெயர் சொல்லி எழுதுவது என்று தெரியவில்லை. அக்கரையில் மஞ்சள் பூசிய பலகைக்கு அருகில் நின்ற அம்மாளின்மேலும், அந்தப் பதினேழு நாள் பத்தரை மணியின்மேலும்கூட வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் காவலுக்கு நின்ற சிப்பாய் சல்யூட் அடித்துவிட்டுத் தூக்குச்சட்டியைப் பார்த்தான்.

"என்ன சார் அது?"

"கஞ்சி."

"எழுதிக்கணும் சார். யாருக்கு?"

சூசைராஜ் அவன் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பேரு தெரியாது" என்றார்.

உள்ளே போனார்.